அவிழாத தொப்பி

உதியன்குளங்கரை
12 அக்டோபர் 2023

அன்புள்ள செலின் அக்காவுக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். நான் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அந்த மலைக்குளிரில் விடியுமுன் எழும்பிப் பூசைக்குப் போகிறாய், காலுக்கு ஏதாவது போட்டுக்கொள்.

நீ அனுப்பிய பார்சல் கிடைத்தது. என் வீட்டுக்காரருடைய அடக்கத்துக்கு வர முடியாமல் போனதைப் பற்றி நீ எழுதியிருந்த நாலு பக்கத்தையும் படித்தேன். அதற்கடியில் கம்பளி நூலும் இரண்டு ஊசியும் இருந்ததைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். இந்த ஊரில் கிறிஸ்துமஸ் ராத்திரியிலும் ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறோம். துக்கத்தில் கை சும்மா இருக்கக்கூடாது, உங்கள் மேகாலயாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னித் தா என்று எழுதியிருந்தாயே என்று உட்கார்ந்தேன்.

முதல் தொப்பி முடிந்தது. ஆனால் அனுப்பவில்லை. அப்பாவிடம் வலை முடையப் படித்த கை இது. நீ எழுதித் தந்த குறிப்பில் முடிச்சு என்று எங்கேயும் இல்லை, நீ மறந்துபோனாய் என்று நினைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் நானே ஒரு வலைமுடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டேன். தொப்பி யார் தலையிலும் ஏறாது. உள்ளே ஒரு தேங்காயை வைத்துத் தூக்கிப் பார்த்தேன், ஒரு முடிச்சும் அசையவில்லை. மெத்தென்று வர என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

இன்னொரு சமாசாரம். இங்கே வாயனசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுக்கத் தன்யா என்று ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். தமிழ் அலமாரியைத் தூசி தட்டி எனக்கு ஒரு சரித்திர நாவல் எடுத்துத் தந்தாள். வேணாட்டு ராணி ஒருத்தியின் கதை, நாலு பாகம். முன்பு ஒரு தடவை படித்து முடிக்கும் முன்பே நின்றுபோனது. மத்தியானம் வரை பின்னல், அதற்குப் பிறகு ராணி. நேற்று அரண்மனைச் சமையற்காரி பேசுகிற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் கொழுந்தன் சத்தியதாஸ் எட்டிப் பார்த்தான். துக்க வீட்டில் சிரிப்பு கேட்கக்கூடாதாம். சிரித்தது நான்தான், சிரிக்க வைத்தது சமையற்காரி, அவளிடம் போய்ச் சொல் என்றேன்.

இதெல்லாம் போனில் பேச முடியாது. உனக்கு மலையில் ரேஞ்ச் இல்லை, எனக்கு மதிலில் காது உண்டு. ஆகையால் கடிதமே போடு.

உன் ஜெபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்.
ப்ளோரன்ஸ்

*

மேகாலயா
6 நவம்பர் 2023

அன்புத் தங்கை ப்ளோரிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். மூட்டுவலி இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

வலைமுடிச்சுத் தொப்பியைப் பற்றி வாசித்துவிட்டு மதர் எட்டிப் பார்க்கும்படி சிரித்தேன். அப்பாவின் மகள் என்பதை நிரூபித்துவிட்டாய். கம்பளியில் முடிச்சே கிடையாது, ப்ளோரி. ஒரு கண்ணியை அடுத்த கண்ணி தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். தப்பாகப் போனால் ஊசியை உருவிவிட்டு நூல் நுனியைப் பிடித்து இழு. முழுவதும் அவிழ்ந்து வந்துவிடும். நூலுக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி பின்னலாம்.

இனி அக்காவாக ஒரு வார்த்தை. சத்தியதாஸ் மடத்து ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டிருந்தான். நீ வாசலில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துச் சிரிக்கிறாய் என்று ஊரில் பேச்சாம். சுந்தரதாஸ் போய் மூன்று மாதம் ஆகவில்லை. அவர் கோபக்காரர்தான், ஆனாலும் உன்னைப் பட்டினி போட்டதில்லை. ராஜா ராணியை ஆண்டுப் பூசை கழிந்த பிறகு படிக்கலாமே. அதுவரை புனிதர்களுடைய சரித்திரம் படி. வேண்டுமானால் நான் அனுப்புகிறேன்.

மழைக்கு முன் ஓடு மாற்றினாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
சிஸ்டர் செலின்

*

உதியன்குளங்கரை
2 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். ஓடு மாற்றியாயிற்று. நல்ல சுகம்.

நீ சொன்னபடி முடிச்சில்லாமல் பின்னினேன். பாதியில் இரண்டு கண்ணி நழுவிவிட்டது. நுனியைப் பிடித்து இழுத்தேன். அக்கா, அது அப்படியே ஓடி வந்தது. மடி நிறைய நூல். நான் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வலையில் ஒரு முடிச்சு தப்பானால் கத்தி வைத்து அறுக்க வேண்டும், அறுத்த நூல் குப்பைக்குத்தான். இதில் எத்தனை தரம் தப்பினாலும் நூல் முழுசாகத் திரும்பக் கிடைக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நன்றாக வந்த ஒரு தொப்பியையும் வேண்டுமென்றே அவிழ்த்து மறுபடி பின்னினேன். இத்துடன் ஐந்து தொப்பி வருகிறது.

ராணியின் கதை சூடு பிடித்துவிட்டது. ராஜா செத்துப்போகிறான். கோட்டையைச் சுற்றி அந்நியச் சேனை நிற்கிறது. கதவைத் திற, உன்னை என் அரண்மனையில் மரியாதையாக வைத்துக்கொள்கிறேன் என்று சேனாதிபதி ஓலை அனுப்புகிறான். அவள் ஓலையை வாங்கி விளக்குத் திரிக்கு வைத்துவிட்டாள். இரண்டாம் பாகம் அங்கே முடிகிறது.

மகன் டெல்வின் மஸ்கட்டிலிருந்து போன் பண்ணினான். ஆண்டுப் பூசைக்கு வருகிறான். அது முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறானாம். வீட்டைச் சத்தியதாஸின் மகன் ஷைஜுவுக்குக் கொடுத்துவிடலாம், கல்யாணம் கழிந்து அவன் இருக்கட்டும் என்று அந்த வீட்டு அப்பனும் பிள்ளையுமாகப் பேசி முடித்திருக்கிறார்கள். கடல் கொண்டுபோன எங்கள் பழைய வீட்டுக்குப் பதிலாக அப்பா எனக்கு எழுதித் தந்த மண்ணில் வைத்த வீடு இது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டார்கள்.

புனிதர் சரித்திரம் அனுப்ப வேண்டாம். தபால் செலவுக்கு நூல் வாங்கி அனுப்பு.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.
ப்ளோரன்ஸ்

*

மேகாலயா
10 ஜனவரி 2024

அன்புள்ள ப்ளோரி,

புது வருஷ ஆசீர்வாதங்கள். இங்கே எல்லாருக்கும் ஜலதோஷம், எனக்கும்.

ஐந்து தொப்பியும் ஐந்து தலையில் ஏறிவிட்டது. பச்சைத் தொப்பிக்கு மட்டும் சண்டை நடந்தது.

டெல்வினோடு போவதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்பிள்ளை ஒற்றைக்கு ஒரு வீட்டில் இருந்தால் அந்தி மயங்கினதும் பயம் வரும். மகன் கூப்பிடுகிறான், எத்தனை அம்மாக்களுக்கு அது கிடைக்கிறது? வீடு சொந்தத்துக்குள்தானே இருக்கப் போகிறது. நீ கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

பின்னலில் ஒரு குறை. எல்லாத் தொப்பியிலும் ஒரு பக்கம் தொய்ந்து இருக்கிறது. நூலைச் சுட்டுவிரலில் சுற்றி, விரலை மடக்கிப் பிடிக்க வேண்டும். நீ மடக்குவதில்லை போலிருக்கிறது. அதைச் சரிசெய்தால் கடைத் தொப்பி தோற்றுவிடும்.

உடம்பு எப்படி? பிரஷர் மாத்திரை மறக்காதே.

அன்புடன்,
செலின் அக்கா

*

உதியன்குளங்கரை
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். ஜலதோஷத்துக்குச் சுக்கும் மிளகும் போட்டுக் குடி. பிரஷர் அளவாக இருக்கிறது.

அந்தி மயங்கினால் பயம் வரும் என்று எழுதியிருந்தாய். அக்கா, அந்தி மயங்கியதும் இந்த வீட்டில் யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. நான் விளக்குப் போட்டுக்கொண்டு மூன்றாம் பாகம் படிக்கிறேன். கட்டன்சாயா ஆறிப்போனால் மறுபடி போட்டுக்கொள்கிறேன். எனக்கு எப்போது பயம் இருந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியும்.

விரலைப் பற்றிக் கேட்டாய். வலது சுட்டுவிரல் மடங்காது என்று உனக்குத் தெரியுமே. டெல்வின் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரம், வள்ளத்தைக் கரையேற்றும்போது இடையில் மாட்டியது. அதனால் நடுவிரலில் நூலைச் சுற்றுகிறேன். தொய்வு இருக்கத்தான் செய்யும். தொய்வோடு போட்டுக்கொள்ளச் சொல்.

இத்துடன் ஆறு ஜோடி குட்டிக் காலுறை. வாயனசாலையில் நாலாம் பாகம் இல்லை. களியக்காவிளைப் பக்கம் ஒரு நூலகத்தில் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று தன்யா சொல்லியிருக்கிறாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மஸ்கட் காரியத்துக்கு நீ எழுதியதை வாசித்தேன்.

ப்ளோரன்ஸ்

*

உதியன்குளங்கரை
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள் முன்பே எழுதிப் போட்டேன், கிடைத்திருக்கும். நீ சுகமா? இரண்டு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. காலுறை வந்து சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. என்மேல் கோபமா? கோபமென்றால் கோபம் என்று எழுது.

இங்கே சத்தியதாஸ் பெயின்ட்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னறையை அளந்தான். நான் பின்னிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் எழும்புங்க மைனி, சுவரு அளக்கணும் என்றான். இந்த வரி முடியட்டும் என்றேன். வரி முடிந்ததும் அடுத்த வரி தொடங்கினேன். என் நாற்காலி இருந்த சுவரை மட்டும் அளக்காமல் போனார்கள்.

நான் கதைப் புத்தகம் படிப்பது பங்குச் சாமியார் காதுக்கும் போய்விட்டது. பூசை முடிந்து நிறுத்தி, என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். யுத்தம் என்றேன். முதல் பாகத்தைத் தர முடியுமா என்றார். இப்போது அவர் படித்துக்கொண்டிருக்கிறார், சத்தியதாஸுக்கு யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உனக்கு நினைவிருக்கும். ஆண்டுப் பூசையன்று பிறந்த வீட்டார் நிறமுள்ள துணி கொண்டுவந்து தோளில் போட்டால்தான் வெள்ளைச் சேலை மாறும். அப்பா அம்மா இல்லை, ஆண்பிள்ளை உடன்பிறப்பும் இல்லை. உனக்குப் பள்ளிக்கூடம். ஆகவே சத்தியதாஸே பாலராமபுரம் கைத்தறி வாங்கித் தானே போடுவதாகச் சொல்லிவிட்டான். அதோடு சாவியையும் வாங்கிக்கொள்வானாம். ஒரு கையால் போட்டு மறு கையால் வாங்குவது.

ஒரு கார்டாவது போடு.
ப்ளோரி

*

மேகாலயா
12 மே 2024

ப்ளோரி,

உனக்குச் சமாதானம். காலுறைகள் வந்தன. எனக்கு நோய் ஒன்றும் இல்லை. உன்மேல் கோபமும் இல்லை. எழுத உட்காருவேன், இரண்டு வரி எழுதிக் கிழிப்பேன்.

நீ சொன்ன அந்த ஜூனில் நான் லீவில் ஊரில் இருந்தேன். உன் விரலில் கட்டோடு நீ எனக்கு மீன் பொரித்துத் தந்தாய். அந்த வாரம் முழுக்கக் கடல் கரையில் ஏறி அடித்தது. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. உங்கள் வள்ளத்தைத் தென்னையில் கட்டிப் போட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன், அதன் நிழலில் நின்று உன் மாமியாரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

இறங்காத வள்ளத்தை யார் கரையேற்றினார்கள், ப்ளோரி?

நீ பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் சரி. மஸ்கட்டுக்குப் போ, விட்டுக்கொடு என்று நான் எழுதியதை எல்லாம் அடித்துவிடு. சத்தியதாஸ் இனி மடத்துக்குக் கூப்பிட்டால் சிஸ்டர் ஜெபத்தில் இருக்கிறார் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை, இருப்பேன்.

செலின்

*

உதியன்குளங்கரை
4 ஜூன் 2024

என் அக்காவுக்கு,

தோத்திரம். இங்கே மழை தொடங்கிவிட்டது. அங்கே எப்போதும் மழைதானே.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இறங்காத வள்ளத்தை யாரும் கரையேற்றவில்லை. அவர் புத்தகத்தைப் பிடுங்கினார். நான் விடவில்லை. அது இதே ராணியின் கதைதான், நாலாம் பாகம். சேனாதிபதியின் ஆள் கதவைத் தட்டுகிற இடத்தில் இருந்தேன். புத்தகம் அடுப்புக்குப் போயிற்று. அவ்வளவுதான் எழுதுவேன். அதற்கு முன்பும் பிறகும் உள்ளதை எழுதினால் எனக்குப் பின்னல் ஓடாது.

செத்தவரைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோதும் பேசக்கூடாது என்றுதான் சொன்னார்கள். நான் பேசப் போவதில்லை. ஆனால் அழவும் போவதில்லை. எனக்குப் பிடித்ததை என் வீட்டில் உட்கார்ந்து செய்கிறேன், சந்தோஷமாக இருக்கிறேன். அதை யாருக்காகவும் மறைக்க மாட்டேன்.

டெல்வின் எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டான். நல்ல பிள்ளை. அவன் அப்பாவை அவன் நல்ல மனிதராக நினைத்துக்கொண்டிருக்கிறான், அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. என்ன சொல்லி வர மாட்டேன் என்பேன் என்றுதான் தெரியவில்லை. வாசிக்க வேண்டும், பின்ன வேண்டும் என்றால் மஸ்கட்டில் செய்யலாமே என்பான். இது எனக்கு என் வீட்டில்தான் வேண்டும், அக்கா. பிடுங்கின அதே கூரைக்குக் கீழே இல்லாவிட்டாலும், பிடுங்க ஆளில்லாத என் சொந்தக் கூரைக்குக் கீழே வேண்டும்.

கண்ணில் நீர் வருகிறது, அது மழைக்கு அடுப்புப் புகைவதால்.

ப்ளோரி

*

மேகாலயா
25 ஜூலை 2024

ப்ளோரி,

சுகம். நீயும் சுகமாக இரு.

பிறந்த வீட்டில் ஆளில்லை என்று யார் சொன்னது? இந்தப் பார்சலை ஆண்டுப் பூசையன்று காலையில் பிரி. எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டம் பின்னினார்கள், நான் சேர்த்துத் தைத்தேன். தொய்ந்திருக்கிற கட்டம் என்னுடையது, நான் சுட்டுவிரலை மடக்காமல் பின்னிப் பார்த்தேன். எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

யாரும் போட்டுவிட வேண்டாம். நீயே போட்டுக்கொள்.

செலின் அக்கா

*

உதியன்குளங்கரை
1 செப்டம்பர் 2024

என் அன்பு அக்காவுக்கு,

தோத்திரம், ஆயிரம் தோத்திரம். நான் நல்ல சுகம். என் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அதற்கு நீதான் காரணம்.

ஆண்டுப் பூசையன்று காலையில் பார்சலைப் பிரித்தேன். சிவப்புச் சால்வை என்று நீ எழுதவில்லையே. அவ்வளவு சிவப்பை நான் கட்டிப் பார்த்து எத்தனை காலம். தொய்ந்த கட்டத்தைக் கண்டுபிடித்து முத்தம் கொடுத்தேன். வெள்ளைச் சேலைக்கு மேல் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மழை விட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆளாளுக்கு விசிறிக்கொண்டிருக்க, நான் கம்பளிச் சால்வையோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பிறந்த வீட்டுத் துணி என்றேன். கல்லறையில் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுத் திரும்பும்போது பங்குச் சாமியார் சால்வையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

சாப்பாடு முடிந்ததும் சத்தியதாஸ் எல்லாருக்கும் நடுவில் கைத்தறிச் சேலையோடு வந்து நின்றான். தோளில் போட இடமில்லை. சால்வையை எடுங்கள் என்றான், எடுக்கவில்லை. சேலையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினான்.

"மைனி, சாவிய இப்பமே தாருங்க. ஷைஜுவுக்க கல்யாணத்துக்கு முன்ன பெயின்ட் அடிக்கணும்."

"சாவி எங்கிட்ட இருக்கட்டு. நான் எங்கயும் போவல்ல," என்றேன்.

எல்லாரும் டெல்வினைப் பார்த்தார்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே ஒற்றைக்கு இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று சத்தியதாஸ் கேட்டான். வாசிப்பேன், பின்னுவேன் என்றேன். யாரோ சிரித்தார்கள்.

"அதுக்கு ஒரு வீடு வேணுமாக்கும்?"

"வேணும். இது எனக்க அப்பன் தந்த மண்ணாக்கும்."

சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன், அக்கா. அப்போது டெல்வின் எழும்பினான். என் வலது கையைப் பிடித்தான். மடங்காத அந்த விரலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"சித்தப்பா, சாவி அம்மைக்க கையில இருக்கட்டும்," என்றான். சத்தியதாஸ் நீட்டின கையை இழுத்துக்கொண்டான்.

எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, அண்ணைக்கு நான் கதவுக்குப் பெறத்த ஒளிச்சு நிண்ணேன்," என்றான். ஆறு வயதுப் பிள்ளை, அக்கா. இத்தனை வருஷமும் அவன் எனக்காக மறைத்து வைத்திருந்தான், நான் அவனுக்காக மறைத்து வைத்திருந்தேன். கை ஈரத்தோடு அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்காக வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. ஊருக்குச் சொல்லாதே.

என் டிக்கெட்டை அவன் ரத்து பண்ணினான். போகும்போது காலுறை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மஸ்கட்டில் எதற்கு என்றால், ஏசி குளிராம்.

தன்யா நாலாம் பாகத்தைக் கொண்டுவந்துவிட்டாள். முந்தாநாள் படித்து முடித்தேன். கடைசியில் ராணி கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறாள். சேனாதிபதி அவளை மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போகிறான். எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை மூடி எதிர்ச் சுவரோரம் வைத்துவிட்டேன். இதைப் படிக்கவா நான் அன்று அந்தப் புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்? பிறகு யோசித்தேன். என்ன இருக்கிறது என்று தெரிந்தா பிடித்தேன்? என் கையில் இருந்தது, அதனால் பிடித்தேன். எழுதினவருக்கு அந்த ராணியைத் தெரியாது போலிருக்கிறது. அடுத்த கதை எடுத்து வைக்கும்படி தன்யாவிடம் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை கடல் யுத்தம்.

என் முதல் தொப்பி நினைவிருக்கிறதா, தலையில் ஏறாத அது? அதை வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வீட்டுச் சாவியைப் போட்டு வைத்திருக்கிறேன். சத்தியதாஸ் வரும்போதெல்லாம் அவன் கண் அதன்மேல் போகிறது. பார்க்கட்டும். அது அப்பா சொல்லித்தந்த முடிச்சு.

சிவப்பு நூல் இன்னும் அனுப்பு.

உன் தங்கை,
ப்ளோரன்ஸ்